துரத்துவது யார், விழுவது யார்: பழைய ஸ்க்ரூபால் காமெடிகளைப் பார்க்க ஒரு வழி

1934-லிருந்து 1942 வரை ஹாலிவுட்டில் வரிசையாக வந்த ஸ்க்ரூபால் காமெடிகளை, அதாவது ஆணும் பெண்ணும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் கிறுக்குத்தனமான நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்திலேயே பெண்களை எவ்வளவு துணிச்சலாகக் காட்டியிருக்கிறார்கள் பாருங்கள் என்று ஒரு கட்சி. என்ன பெரிய துணிச்சல், கடைசியில் கல்யாணம்தானே என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கதையை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். இந்தப் படங்களில் கதை சும்மா ஒரு சாக்கு. ஆண் பெண் விவகாரமெல்லாம் காட்சிக்குள்ளே நடக்கிறது: யார் முதலில் வம்புக்கு இழுக்கிறார், யாருடைய கோட்டு கிழிகிறது, யார் தடுக்கி விழுகிறார், விழுந்தவரை யார் நின்று வேடிக்கை பார்க்கிறார். அதைக் கவனிக்கப் பழகினால் சிரிப்பும் கூடும், எரிச்சல் வரவேண்டிய இடத்தில் எரிச்சலும் சரியாக வரும்.

முடிவுகளையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். எண்பது வருஷத்துக்கு மேல் ஆன படங்கள், முடிவு தெரிந்தால் குடி முழுகிப்போகாது.

எதில் ஆரம்பிப்பது

'ப்ரிங்கிங் அப் பேபி'யில் ஆரம்பிக்காதீர்கள். எல்லாப் பட்டியலிலும் மேலே இருக்கும், ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு அது ஒன்றரை மணி நேரக் கூச்சலாகத்தான் தெரியும், 1938-ல் அமெரிக்க ரசிகர்களுக்கே அப்படித்தான் தெரிந்தது, படம் சரியாக ஓடவில்லை. முதலில் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' (1934). ஃப்ராங்க் காப்ரா இயக்கம், க்ளார்க் கேபிள், க்ளாடெட் கோல்பேர். படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் அள்ளிய முதல் படம் இதுதான். அப்புறம் 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937), 'தி லேடி ஈவ்' (1941), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940). இந்த நாலும் ஆன பிறகு பேபியிடம் போங்கள், கூச்சலுக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது அப்போது தெரியும்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'க்கு அமெரிக்காவில் காப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை, அதனால் இணையத்தில் இலவசமாகவே நிறைய பிரதிகள் கிடைக்கும். பாதிக்கு மேல் மங்கலும் இரைச்சலுமாக இருக்கும். பேச்சுதான் இந்தப் படத்தின் உயிர் என்பதால் படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, ஒலி தெளிவாக இருக்கிற பிரதியைத் தேடிப் பிடியுங்கள்.

பார்ப்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது

ரொம்ப வேண்டாம், இரண்டு விஷயம் போதும். ஒன்று, பொருளாதாரப் பெருமந்தம். 1933-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கல்யாணமான பெண் வேலைக்குப் போவதே ஆணின் பிழைப்பைப் பிடுங்குவதாகப் பேசப்பட்டது. பேச்சோடு நிற்கவில்லை, 1932-ல் வந்த ஒரு சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவி இருவரும் மத்திய அரசு வேலையில் இருந்தால் ஆட்குறைப்பின்போது அவர்களில் ஒருவரை முதலில் அனுப்பச் சொன்னது. வேலையை விட்டுப் போனது பெரும்பாலும் மனைவிமார்தான். அதை நீக்க 1937 ஆயிற்று. ஆக, திரையில் ஒரு பெண் நான் வேலையை விடமாட்டேன் என்று சொல்லும்போதும், விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லும்போதும், தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது வெறும் வசனம் இல்லை.

இன்னொன்று தணிக்கை. தயாரிப்பு விதிமுறை என்று ஒன்று 1930-லேயே எழுதப்பட்டிருந்தாலும் 1934 ஜூலையிலிருந்துதான் ஜோசப் ப்ரீன் தலைமையில் அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். படுக்கையைக் காட்டக்கூடாது, கள்ள உறவு இனிக்கக்கூடாது, கல்யாணத்தைக் கேலி செய்யக்கூடாது. எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், கட்டிப்பிடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சண்டை போடவிட்டார்கள். விவாகரத்தான ஜோடி மறுபடி சேரும் கதைகள் இத்தனை வந்ததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு, ஏற்கெனவே ஒன்றாக வாழ்ந்தவர்கள் என்பதால் சாடையாக எதையும் பேசிக்கொள்ளலாம், ப்ரீனும் ஒன்றும் சொல்ல முடியாது. தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி காவெல் இந்த மறுமணக் காமெடிகளைப் பற்றியே 1981-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்: இந்தக் கதாநாயகிகளுக்கு அப்பா இருப்பார், அம்மா அநேகமாக இருக்கமாட்டார். இது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு படத்திலும் அம்மா எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதல் கேள்வி: பார்ப்பது யார்

'தி லேடி ஈவ்'வில் ஆரம்பத்திலேயே வரும் கப்பல் சாப்பாட்டுக் கூடக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஹென்றி ஃபோண்டா பெரிய மதுபானக் கம்பெனி வாரிசு, அமேசானில் பாம்பு ஆராய்ச்சி முடித்துவிட்டுத் திரும்புகிறவர், தனியாக உட்கார்ந்து பாம்பைப் பற்றிப் புத்தகம் படிக்கிறார். கூடத்தில் இருக்கும் அத்தனை பெண்களும் அவர் கண்ணில் பட முயற்சி செய்கிறார்கள். பார்பரா ஸ்டான்விக் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைக்கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் தெரிகிற எல்லாவற்றுக்கும் வர்ணனை கொடுக்கிறார். எந்தப் பெண் எப்படி வருவாள், கைக்குட்டையை எப்படித் தவறவிடுவாள், அவர் மனதில் என்ன ஓடும், எல்லோருக்கும் வசனத்தை இவரே பேசிவிடுகிறார். கொஞ்ச நேரத்துக்கு நாம் பார்ப்பது அந்தக் கண்ணாடிக்குள் தெரிவதைத்தான்.

அதாவது படத்தை இயக்குவது ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ் என்றால், அந்தக் காட்சியை இயக்குவது அந்தப் பெண். சினிமாவில் பார்ப்பது ஆணின் வேலை, பார்க்கப்படுவது பெண்ணின் வேலை என்று பின்னால் வந்த விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இங்கே தலைகீழ். அவர் எழுந்து நடந்து வருகிறார், இவர் காலை நீட்டுகிறார், அவர் குப்புற விழுகிறார். விழுந்தவர் எழுந்து நிற்பதற்குள் என் செருப்புக் குதிகாலை உடைத்துவிட்டீர்களே என்று பழியும் அவர் மேலேயே. அடுத்த காட்சியில் அந்த வாரிசு மண்டியிட்டு இவர் காலில் வேறு செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பிறகு படம் முழுக்க ஃபோண்டா விழுந்துகொண்டே இருக்கிறார். சோபா தடுக்கி, திரைச்சீலை சரிந்து, தேனிலவு ரயிலிலிருந்து பைஜாமாவோடு இறங்கிச் சேற்றில் வழுக்கி. ஒவ்வொரு விழுகைக்கும் முந்தின நொடியில் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று கவனியுங்கள். சேற்றில் விழுவதற்கு முன்னால், மனைவியின் பழைய காதல்களைக் கேட்டு, பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிற கணவன் வேஷம் போட்டுப் பார்க்கிறார், முடியவில்லை. கடந்தகாலமே இல்லாத பெண்தான் வேண்டும் என்கிற அந்த நினைப்புதான் வழுக்குகிறது. பணக்கார அசடு விழுந்தான், சிரித்தோம் என்பதோடு விட்டுவிட்டால் பாதிப் படம் போயிற்று.

ஆணின் மானம் எங்கே போகிறது

கேரி கிராண்ட் மாதிரி அழகான ஒரு ஆளை வைத்துக்கொண்டு அவர் மானத்தை வாங்குவதுதான் இந்தப் படங்களின் பெரிய சந்தோஷம். 'ப்ரிங்கிங் அப் பேபி'யில் அவர் டைனோசர் எலும்புகளை அடுக்கும் விஞ்ஞானி. கேத்ரின் ஹெப்பர்ன் அவருடைய கோல்ஃப் பந்தை அடித்துவிடுகிறார், காரை எடுத்துக்கொண்டு போகிறார், கோட்டைக் கிழிக்கிறார், அவர் குளிக்கும் நேரத்தில் துணிமணியைச் சலவைக்கு அனுப்பிவிடுகிறார். வேறு வழியில்லாமல் இறகு வைத்த பெண்கள் அங்கியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறார் கிராண்ட், வாசலில் ஹெப்பர்னின் அத்தை.

பெண் உடுப்புப் போட்ட ஆண் என்பது உலகத்திலேயே சுலபமான நகைச்சுவை, அதில் பாதி பெண்ணாக இருப்பதே கேவலம் என்கிற எண்ணத்தில் ஓடுகிறது. அதனால் இந்த மாதிரிக் காட்சி வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: சிரிப்பு உடுப்பின் மேலா, அதைப் போட்டிருப்பவரின் பதற்றத்தின் மேலா? இங்கே பதற்றத்தின் மேல்தான். பட்டமும் பதவியும் கண்ணாடியும் கழன்று விழுந்த பிறகு அந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் பார்க்கிறார். கடைசியில் அவரே ஒப்புக்கொள்கிறார், அந்த நாள்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று.

ஹெப்பர்னுக்கு முதலில் இந்த வேஷம் பிடிபடவில்லை, சிரிக்க வைக்க வேண்டும் என்று முயற்சி செய்துகொண்டே இருந்தார். ஹாக்ஸ், வால்டர் கேட்லட் என்கிற பழைய மேடைக் காமெடியனைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் தான் செய்வதை முழுக்க நம்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் பாடம். இதை மனதில் வைத்துப் பார்த்தால், ஹெப்பர்ன் நடித்த சூசன் லூசு இல்லை, தனக்கு வேண்டியது என்ன என்று தெளிவாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது விளங்கும்.

பாவம், அந்த மூன்றாவது ஆள்

ரால்ஃப் பெல்லமியைத் தெரிந்துகொள்ளுங்கள். 'தி ஆஃபுல் ட்ரூத்'தில் ஓக்லஹோமா எண்ணெய்ப் பணக்காரர், 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் ஆல்பனி இன்ஷூரன்ஸ்காரர், இரண்டிலும் அம்மா பிள்ளை, இரண்டிலும் கேரி கிராண்டிடம் பெண்ணைப் பறிகொடுப்பவர். இரண்டாவது படத்தில் பெல்லமியின் அடையாளத்தைச் சொல்லும்போது கிராண்ட், சினிமாவில் வருவாரே ரால்ஃப் பெல்லமி, அவர் மாதிரி இருப்பார் என்பார். அந்த அளவுக்குப் பிரபலமான தோல்வி.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் விஷயம். மரியாதையானவர், குடையும் கையுமாக வருகிறவர், வீடு, குழந்தை, பாதுகாப்பு எல்லாம் தருகிறேன் என்கிறவர். எந்த அம்மாவைக் கேட்டாலும் கட்டிக்கோ என்றுதான் சொல்வார். படமோ அந்தப் பாதுகாப்பையே கேலி செய்கிறது. அப்படியென்றால் பதிலுக்கு என்ன தருகிறது? பொய் சொல்கிற, மட்டம் தட்டுகிற, ஆனால் பேச்சுக்குப் பேச்சு ஈடுகொடுக்கிற ஒரு ஆளை. இந்தப் பேரம் நியாயமா என்று ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாக எடை போடுங்கள். 'தி ஆஃபுல் ட்ரூத்'தில் நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது, அங்கே இரண்டு பேரும் சமமாகப் பொய் சொல்கிறார்கள், சமமாக அவமானப்படுகிறார்கள். ஐரீன் டன் கிராண்டின் தங்கை என்று சொல்லிக்கொண்டு அவருடைய புதுப் பெண்வீட்டுப் பணக்காரக் கூடத்துக்குள் நுழைந்து, கொச்சையாகப் பேசி, ஆடிப் பாடி அத்தனை பேரையும் நெளிய வைக்கும் காட்சியில் கிராண்டின் முகத்தை மட்டும் பாருங்கள். மானம் கப்பலேறுகிறது, அவரோ ரசித்துக்கொண்டிருக்கிறார். கண்ணியமான குடும்பப்பெண் என்பது போட்டுக் கழற்றக்கூடிய ஒரு வேஷம்தான் என்று அந்த ஒரு காட்சியில் போட்டு உடைத்துவிடுகிறார்கள்.

'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'டிலும் இப்படி ஒன்று உண்டு. துப்பறிவாளர்கள் அறைக்குள் வந்ததும் கேபிளும் கோல்பேரும் கத்திச் சண்டை போடும் கணவன் மனைவியாக மாறிவிடுகிறார்கள், வந்தவர்கள் சந்தேகமே இல்லாமல் நம்பிப் போய்விடுகிறார்கள். அதே படத்தில் காலை உணவு சமைப்பது கேபிள், அவள் உடையைத் தேய்த்து வாங்கி வைப்பதும் கேபிள். கட்டைவிரலைக் காட்டிக் கார் நிறுத்துவது எப்படி என்று பாடம் நடத்திவிட்டு ஒரு வண்டியைக்கூட நிறுத்த முடியாமல் நிற்பதும் அவர்தான். கோல்பேர் பாவாடையை லேசாகத் தூக்க, முதல் காரே ப்ரேக் போடுகிறது. அது பெண்ணின் வெற்றியா, பெண்ணின் உடம்பைத்தான் உலகம் மதிக்கும் என்கிற பழைய கதையா? இரண்டும்தான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்கிற பெண்

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'க்கு ஒரு மாலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். மூலம் 1928-ல் வந்த பென் ஹெக்ட், சார்ல்ஸ் மெக்கார்தர் நாடகம். அதில் நிருபர் ஹில்டி ஜான்சன் ஓர் ஆண். வீட்டில் விருந்தாளிகளுக்கு நடுவில் வசனத்தைப் படித்துப் பார்த்தபோது நிருபரின் பகுதியை ஒரு பெண் படித்தாராம், ஆண் படிப்பதைவிட நன்றாக இருக்கிறதே என்று தோன்றி மாற்றினேன் என்று ஹாக்ஸ் பின்னாளில் சொன்னார். வேடத்தை மாற்றினாரே தவிர ஹில்டியின் திறமையைக் குறைக்கவில்லை. ஆண் நிருபர்கள் சீட்டாடிக்கொண்டு புளுகிக்கொண்டிருக்கும் பத்திரிகையாளர் அறையில், அவர் எழுதின பேட்டியை எடுத்து வாசித்துவிட்டு அத்தனை பேரும் வாயடைத்துப் போகிறார்கள். கோட்டும் கோடுபோட்ட பாவாடையும் தொப்பியுமாக, ஓடுகிற சிறைக் காவலரைத் தெருவில் துரத்திப் பிடித்துத் தள்ளிச் செய்தி வாங்குகிறார்.

ரோசலிண்ட் ரஸ்ஸல் திரைக்கு வெளியிலும் அப்படித்தான். கிராண்டின் வரிகள் அளவுக்குத் தன் வரிகள் இல்லை என்று பட்டதும், சொந்தக் காசில் ரகசியமாக ஒரு விளம்பர எழுத்தாளரை வைத்துப் பதில் வசனங்கள் எழுதி வாங்கிக்கொண்டு தளத்துக்குப் போனார். ஹாக்ஸ் தளத்திலேயே இட்டுக்கட்டிப் பேச விடுகிறவர் என்பதால் அது செல்லுபடியானது.

இந்தப் படத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் பேசுவதால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே தேவைப்படும். இரண்டாம் தடவை அதை அணைத்துவிட்டு, யார் யாருடைய பேச்சை வெட்டுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆரம்பத்தில் கிராண்டும் ரஸ்ஸலும் பெல்லமியும் சாப்பிடப் போகும் காட்சி இதற்குச் சரியான இடம்: அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், மேஜைக்கடியில் உதைத்துக்கொள்கிறார்கள், பெல்லமி மட்டும் தன் முறை வரும்வரை காத்திருக்கிறார். அவருக்கு முறை வருவதே இல்லை.

ஆனால் அதே படத்தில் மோலி மல்லாய் என்று ஒரு பெண் வருகிறாள். ஆண் நிருபர்கள் கேவலப்படுத்தி, கேவலப்படுத்தி, கடைசியில் அவள் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறாள். ஹில்டிக்குக் கிடைக்கிற மரியாதை எல்லாப் பெண்ணுக்கும் கிடைக்கிற மரியாதை இல்லை, அவர்களில் ஒருத்தராக இருக்கிற பெண்ணுக்கு மட்டும். ஹில்டியும் அந்த விலையைக் கொடுத்துத்தான் இருக்கிறார். முடிவில், கிராண்ட் தன்னை உண்மையிலேயே போகவிட்டுவிட்டார் என்று நினைத்து உடைந்து அழுகிறார், அது பொய் என்று தெரிந்ததும் சந்தோஷமாகிவிடுகிறார், தேனிலவு ஆல்பனியில் ஒரு வேலைநிறுத்தச் செய்தியாக மாறிவிடுகிறது, பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இந்த முடிவு எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு நாளும் தாங்க முடியவில்லை என்று இன்னொரு நாளும் தோன்றும்.

கடைசிப் பத்து நிமிஷத்தைத் தனியாகப் பாருங்கள்

பல படங்களில் முடிவு, அதுவரை நடந்ததற்குப் போடப்பட்ட அபராதம் மாதிரி இருக்கும். அபராதம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். 'தி லேடி ஈவ்'வில் விழவே இல்லை, அதே கப்பலில் அதே காலை மறுபடி நீட்டுகிறார், அதே ஆள் மறுபடி விழுகிறார், நடுவில் வேறு பெயரில் வந்து அவரைக் கல்யாணம் செய்ததும் இவரேதான் என்கிற உண்மையைக் கடைசிவரை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

'தி பிலடெல்பியா ஸ்டோரி' (1940) வேறு. ஆரம்பமே கணவன், மனைவியாக வரும் ஹெப்பர்னின் முகத்தில் கை வைத்துத் தள்ளிவிடுவதில். நடுவில் அப்பா வந்து, தான் வேறு பெண்ணிடம் போனதற்கு மகளின் பாசமின்மைதான் காரணம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார், படம் அவரை மறுக்கவில்லை. ஹெப்பர்ன் என்கிற நடிகையின் கதையும் இதில் ஒட்டியிருக்கிறது. 1938-ல் தியேட்டர் உரிமையாளர்கள் வசூலுக்கு விஷம் என்று பட்டியல் போட்டு விளம்பரம் கொடுத்தார்கள், அதில் அவர் பெயரும் இருந்தது. ப்ராட்வேயில் இந்த நாடகத்தில் நடித்து ஜெயித்து, பட உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். திமிர் பிடித்த பெண் பணிவாவதை ரசிகர்களுக்குக் காட்டியே தன் இடத்தை மீட்டார். புத்திசாலித்தனமான வியாபாரம், பார்க்கக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

'வுமன் ஆஃப் தி இயர்' (1942) முடிவு இதைவிட மோசம். உலக அரசியல் எழுதுகிற பத்திரிகைப் பெண், கணவனுக்குக் காலை உணவு செய்யத் தெரியாமல் சமையலறையில் படாத பாடு படுகிறார். முதலில் எடுத்த முடிவை மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டின காட்சி இது. ஒட்டு நன்றாகவே தெரிகிறது.

எதற்குச் சிரிக்க வேண்டியதில்லை

பழைய படம் என்பதற்காக எல்லாவற்றையும் விழுங்க வேண்டிய அவசியமில்லை. 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'டில் இவளுக்குத் தேவை தினம் ஒரு குத்து விடுகிற ஆள் என்று கேபிள் பெண்ணின் அப்பாவிடமே சொல்கிறார், அதைக் காதலின் அடையாளமாகப் படம் எடுத்துக்கொள்கிறது. 'நத்திங் சேக்ரட்'டில் (1937) ஃப்ரெட்ரிக் மார்ச்சும் கரோல் லொம்பார்டும் மாறி மாறிக் குத்திக்கொள்கிறார்கள், சமமாக அடித்துக்கொண்டால் சமத்துவம் ஆகிவிடுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 'தி பாம் பீச் ஸ்டோரி'யில் (1942) குடித்த வேட்டைக்காரர்கள் ரயிலுக்குள் துப்பாக்கியால் சுட்டு விளையாட, கறுப்பினப் பணியாளர் பயந்து பதுங்குவது நகைச்சுவையாக வைக்கப்பட்டிருக்கிறது. பெண்ணுக்கு விதியைத் தலைகீழாக்கிப் பார்க்க அனுமதித்த இந்தப் படங்கள், வேலைக்காரர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அந்தச் சலுகையைத் தரவில்லை. பின்னணியில் தட்டு ஏந்தி நிற்பவர் யார் என்றும் ஒரு கண் வைத்திருங்கள்.

ஒரு சின்னப் பயிற்சி. 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' பார்த்த வாரத்திலேயே 1956-ல் வந்த 'சோரி சோரி'யையும் பாருங்கள். அந்தக் கதையை வைத்து நம்ம ஏவிஎம் எடுத்த இந்திப் படம், ராஜ் கபூர், நர்கிஸ். ஓடிப்போகும் பணக்காரப் பெண், கூட வரும் பத்திரிகைக்காரர், துரத்தும் அப்பா எல்லாம் அப்படியே இருக்கும்போது பெண்ணின் துடுக்குத்தனத்தில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள், சண்டை போட வேண்டிய எந்த இடத்தில் பாட்டு வந்து உட்கார்ந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். நாலு பேராக, ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிரித்து இன்னொரு பக்கம் சும்மா இருக்கிற இடங்கள் ஒவ்வொரு படத்திலும் இரண்டு மூன்று வரும், அங்கே நிறுத்திவிட்டுக் காட்சியை மறுபடி ஓட்டுங்கள். 'தி பிலடெல்பியா ஸ்டோரி'யில் அந்த அப்பா பேசும் இடத்தை இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.